பவுடர் போடாத முகம்

எங்கள் கடையிலிருந்து கறுப்பாக யாரும் வெளியே போனதில்லை. ஆட்களைச் சொல்லவில்லை, அச்சான முகங்களைச் சொல்கிறேன். செங்கல்பட்டில் கறுப்புக்கா பஞ்சம்? கல்யாணப் பத்திரிகைக்கு, மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு, கட்சிக்காரர் பிறந்தநாள் போஸ்டருக்கு என்று போட்டோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் இருப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் போய் மிஷின் வழியாக வெளியே வரும்போது அத்தனை பேரும் பாலில் குளித்து எழுந்தவர்களாகியிருப்பார்கள். அதற்கு எங்கள் கடையில் பவுடர் போடுவது என்று பெயர். "அந்த மாப்ளைக்கு பவுடர் போட்டுட்டியாம்மா?" என்று முதலாளி கேட்டால், முகத்தின் நிறத்தை ஏற்றிவிட்டாயா என்று அர்த்தம்.

வாடிக்கையாளர் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். முகம் உள்ளபடியே வந்துவிட்டால்தான் பேச்சு வரும். ஒரு தாய்மாமன் பேனரைச் சுருட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "இன்னாமா, மிஷின் கெட்டுப்போச்சா? பாப்பா கருவாடு மாதிரி கீது" என்றார். பாப்பா அவர் பக்கத்தில்தான் பாவாடை தாவணியில் நின்றுகொண்டிருந்தது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் முதலாளி என்னைப் பார்த்தார், நான் உட்கார்ந்து பவுடர் போட்டேன்.

நான் இந்த வேலையைக் கற்றது தொண்ணூறுகளின் கடைசியில், சென்னையில் அச்சுக்குப் பிலிம் எடுத்துக் கொடுக்கும் ஒரு கடையில். தினமும் மின்சார ரயிலில் போய்வருவேன். ஒரு வண்ணப்படத்தை அங்கே நாலாகப் பிரிப்போம். பச்சை கலந்த நீலம் ஒன்று, அதற்கு சியான் என்று பெயர். அடர்ந்த ரோஸ் ஒன்று, அது மெஜந்தா. அப்புறம் மஞ்சள், கறுப்பு. நாலு நிறத்துக்கும் தனித்தனி பிலிம், தனித்தனி ப்ளேட். நாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால் முகம் வரும். பிசகினால் ஒரே ஆளுக்கு மூன்று உதடு வரும். மானிட்டரில் தெரிவது வெளிச்சம், காகிதத்தில் விழுவது மை. இரண்டும் ஒன்றுக்கொன்று சொன்ன பேச்சு கேட்காது. கேட்க வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க மிஷினோடு ஒரு மாதிரிப் படம் கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள் மடியில் ஒரு கூடை பழம். அவள் முகம் அவள் முகமாக வந்துவிட்டால் மிஷின் சரி. அவள் முகத்துக்குச் சரிசெய்து வைத்த மிஷினில்தான் நாங்கள் எங்கள் ஊர்க்காரர்களை அடித்தோம். முகத்தில் கறுப்பு மை ஏறக் கூடாது என்பது அங்கே நான் கற்ற முதல் விதி. ஏறினால் அழுக்கு மாதிரி தெரியுமாம். அந்த விதியைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். பிற்பாடு செங்கல்பட்டில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிஜிட்டல் மிஷின் வாங்கிப் போட்டவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த விதியையும் கூடவே கொண்டுவந்தேன். டிஜிட்டலில் பிலிமும் இல்லை, ப்ளேட்டும் இல்லை. விதி மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் நைனா கறுப்பு. செய்யூர்ப் பக்கம் சொந்தமாக ஒரு காணி இல்லாத குடும்பம். யாருடைய வேர்க்கடலைக் கொல்லையிலோ களை எடுத்தே வளர்ந்தவர். அப்புறம் கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் தோட்ட வேலை கிடைத்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த ஆபீசர்கள் வீட்டுச் செம்பருத்திக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியே எங்களைப் படிக்கவைத்தார். வேலை முடிந்தபின் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் எங்களோடு இருந்தார். தம்பி அம்மாவின் நிறம். நான் நைனாவை உரித்து வைத்த மாதிரி இருப்பேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லும்போது குரல் இறங்கும். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, பெண்ணுக்குக் கொஞ்சம் நிறம் கம்மி என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இரண்டொரு கேசரிக்குப் பிறகு இனி யாரும் வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். நைனா அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். என் நிறத்துக்குத் தானே காரணம் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை என்று சொன்னால் பொய்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் விட்டுவிட்டு வந்தது. தம்பியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அடுத்த நிமிடம் நீ யாரு வூட்டுப் பிள்ளை என்பார். செடிக்கெல்லாம் தண்ணீர் விடவில்லையே என்று கிளம்பி கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிடுவார். அந்தத் தடத்தில் பழகின கண்டக்டர்கள் இருந்தார்கள், திரும்புகிற பஸ்ஸில் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே எங்களுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அப்படித்தான் கிளம்பினார். அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். மதியம் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வரவில்லை. பஸ் நிலையத்தில் போய்க் கேட்டால், பழகின கண்டக்டர் அன்றைக்கு லீவு என்றார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா அடையாளம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். உயரம் சொன்னோம், கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மண்வெட்டி பட்ட தழும்பு என்று சொன்னோம். நிறம் என்றார். அம்மா மாநிறம் என்றாள், நான் கறுப்பு என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஏட்டையா என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், மாநிறம் என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"காணாப்போன மனுசன, போலீஸ்காரங்கிட்ட போயி, கறுப்புன்னு சொல்லுவியாடி?" என்றாள். ஏதோ நான் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி அவளுக்கு வலித்திருந்தது.

நாங்கள் ஸ்டேஷனில் இருந்த நேரத்தில் முதலாளி தாமாகவே போஸ்டர் தயார் செய்துவிட்டார். நல்ல மனிதர் அவர், அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு அடுக்காது. தம்பி கல்யாணத்தில் எடுத்த படம் என் கம்ப்யூட்டரில் கிடந்தது. நைனா மட்டும் தனியாக நன்றாக விழுந்திருந்த படம் அது ஒன்றுதான். ரேஷன் கார்டில் இருந்தது கறுப்பு மசி, வாக்காளர் அட்டையில் ஒரு காலரும் ஒரு காதும். முதலாளி கல்யாணப் படத்தை எடுத்து, தன் கையாலேயே உட்கார்ந்து வேலை செய்து, காசு வாங்காமல் அடித்துக் கட்டி வைத்திருந்தார். மேலே சிவப்பில் காணவில்லை என்ற எழுத்து, கீழே என் போன் நம்பர், நடுவில் நைனா. நான் நம்பரைச் சரிபார்த்தேன், ஓரத்தில் எழுத்து வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பார்த்தால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயம்.

தம்பி வண்டி ஓட்ட, பின்னால் நான் பசை வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செங்கல்பட்டு ரயில் நிலையச் சுவர், திருக்கழுக்குன்றம் கடைவீதி, கல்பாக்கம் பஸ் நிறுத்தம், சதுரங்கப்பட்டினம், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் ஒட்டினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. குடியிருப்பில் நைனா வேலை செய்த வீடுகளில் ஏறி இறங்கினோம். அங்கே இப்போது வேறு ஆபீசர்கள், வேறு செடிகள். போன் அடிக்கும் என்று கையிலேயே வைத்திருந்தேன், குளிக்கும்போதுகூட வாசலில் தம்பியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. ஒரு ஊரே, ஒரு கடற்கரையே, ஒரு மனிதரைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. அம்மா சோறு தின்பதை விட்டுவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள், பிறகு உட்கார்ந்துகொள்வாள்.

மாமல்லபுரம் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு டீக்கடை. அதன் தூணில் முதல் சுற்றிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தோம். இரண்டாம் முறை போனபோது டீக்கடைக்காரர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். போஸ்டரைக் காட்டி, இவர் ரிட்டையரான வாத்தியாரா என்று கேட்டார். இல்லை, எங்கள் நைனா, தோட்ட வேலை பார்த்தவர் என்றேன். அவர் நம்பாமல் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இந்த மாதிரி செவப்பா யாரும் வரலம்மா. முந்தாநாள் ஒரு பெருசு வந்துச்சு, தண்ணி கேட்டுச்சு. கன்னங்கரேல்னு கீது, நெத்தியில இம்மாம் பெரிய தழும்பு. இந்தத் தூணாண்டதான் நின்னுகினு குடிச்சிச்சு. அது இவரு இல்லியே."

நான் அப்போதுதான் அந்தப் போஸ்டரில் இருந்த முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தில் ஸ்டூடியோக்காரர் ஏற்கெனவே பவுடர் போட்டுத்தான் கொடுத்திருந்தார். அதற்கு மேல் முதலாளி, தன் கடையில் வேலை செய்யும் பெண்ணின் தகப்பன் என்ற மரியாதைக்காக, இன்னொரு சுற்றுப் போட்டிருந்தார். ஒட்டிய கன்னத்தை உப்ப வைத்திருந்தார். நரைத்த தாடி முள்ளைச் சுத்தமாக மழித்திருந்தார். நெற்றித் தழும்பை அழித்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் செய்கிற அத்தனையும் செய்திருந்தார். தூணில் சிரித்துக்கொண்டிருந்தவர் யாரோ ஒரு செக்கச்செவேலென்ற பெரியவர். அவருக்குப் பக்கத்திலேயே நின்று என் நைனா தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். கடையில் இருந்த ஒருவருக்கும் இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல எனக்கு வழியில்லை.

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். தெற்கே கல்பாக்கம் ரோட்டைக் காட்டினார். நாங்கள் அந்த ரோட்டில் கூவத்தூர் தாண்டிப் போய்த் திரும்பினோம். சவுக்குத் தோப்புக்குள் இறங்கிக் கூப்பிட்டோம். நைனா என்று நான் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

நேராகக் கடைக்கு வந்தேன். வந்த வேகத்தில் முதலாளியை என்னவெல்லாமோ கேட்டேன். என் நைனாவை எங்கே வைத்தீர்கள், இது யாருடைய மூஞ்சி, உங்கள் அப்பன் மூஞ்சியா என்று கேட்டேன். சம்பளம் கொடுக்கிறவரை அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர், "நல்லா இருக்கணும்னுதாம்மா போட்டேன்" என்று மட்டும் சொல்லி, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் உட்கார்ந்தேன். என் நைனாவைக் கறுப்பாக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு முகத்தையும் அந்தத் திசையில் நான் கொண்டுபோனதில்லை. கல்யாணப் படத்தில் நெற்றியும் கன்னமும் வெளுத்து வெறும் காகிதமாக இருந்தன. அங்கே எந்த விவரமும் இல்லை, போன விவரம் போனதுதான். மேலே நிறம் ஏற்றினால் சாம்பல் பூசினது மாதிரி ஆனது. சாம்பல் நிறத்தில் நைனா கண்ணை மூடாத பிணமாகத் தெரிந்தார். அதை உடனே அழித்தேன். வேறு விதமாக ஏற்றினேன். மானிட்டரில் ஓரளவு ஒப்பேறியது, அச்சடித்தால் மறுபடி முகம் வெளுத்தே வந்தது. மையைக் கூட்டினேன், அப்படியும் வெளுப்பு. மிஷினுக்குள் பேய் புகுந்ததா என்று அதன் செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு மூலையில் தோல் நிறத்தைத் தானாகச் சீர்செய்யும் என்று ஒரு கட்டம் டிக் அடித்துக் கிடந்தது. தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருமாம். நாங்கள் போடுகிற பவுடர் போதாதென்று மிஷினும் தன் பங்குக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. டிக்கை எடுத்தேன். எடுத்ததும் முகம் தார் உருண்டையாக வந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

எனக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு படம் வைத்திருக்கிறார்கள். என் நைனாவுக்கு எது இருக்கிறது? கண்ணை மூடி அவர் நிறத்தை நினைத்துப் பார்த்தேன். கறுப்பு என்ற வார்த்தைதான் வந்தது, நிறம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்த ஆளின் நிறம் எனக்குத் தெரியவில்லை. அப்போது வந்த பயம் அவர் காணாமல் போன அன்றுகூட வரவில்லை. இவரை நான் உள்ளுக்குள்ளேயே தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது. அப்படியே மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை கண்ணில் பட்டது. நைனாவை உரித்து வைத்த கை.

பழுப்பிலிருந்து கறுப்பு வரை சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு தாளில் அடித்தேன். ஒவ்வொன்றிலும் நாலு மையின் அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது, அது எல்லாவற்றையும் பச்சையாக்கும். அதனால் கட்டங்களை வெட்டி எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். முழங்கைக்குக் கீழே ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தேன். ஒன்று சிவந்து தெரிந்தது, ஒன்று ஊதாவாக விலகியது. உள்ளே போய் மாற்றினேன், மறுபடி அடித்தேன், மறுபடி வெயிலுக்கு வந்தேன். முதலாளி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போகிறவர்கள் ஏதோ மருதாணி வைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு துண்டை வைத்தேன், கையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஓரத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த நிறத்தில் கறுப்பு மை இருந்தது. நிறையவே இருந்தது. அதோடு மஞ்சளும் மெஜந்தாவும் நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன. நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த நிறத்தை யாராவது வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை வைத்து நெற்றியைக் கட்டினேன், கன்னத்தின் பள்ளத்தை வெட்டினேன், தாடி முள்ளைப் புள்ளிபுள்ளியாக வைத்தேன், தழும்பைக் கையால் வரைந்தேன். மிஷினிலிருந்து தாள் வெளியே வந்தபோது நைனா என்னைப் பார்த்தார். அப்படிச் சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை.

அம்மாவிடம் காட்டினேன். அவள் தாளைக் கையில் வாங்கவில்லை.

"ஊர்ல இருக்கிறவங்கல்லாம் அந்த மனுசன ஆயுசுக்கும் கறுப்பன்னு சொன்னாங்க. இப்ப நீ எழுதியே ஒட்டப் போறியா?" என்றாள். பிறகு, "இத என் தெருவுல ஒட்டாத" என்றாள்.

இது சரியான நிறம், இதைப் பார்த்தால்தான் ஆள் கிடைப்பார் என்று தம்பி எடுத்துச் சொல்லிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அவரை அந்த நிறத்தோடுதான் கட்டிக்கொண்டாள், அந்த நிறத்தோடுதான் வாழ்ந்தாள். ஆனால் சுவரில் பார்க்க அவளால் முடியவில்லை. எங்கள் தெருவில் சிவப்பு நைனாவே இருந்தார். கடற்கரை முழுவதும் பழைய போஸ்டரின் மேலேயே புதியதை ஒட்டினோம்.

போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் அழைப்பு வந்தபோது அவசரத்தில் போனைக் கீழே போட்டேன். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவர் ஓரமாக ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், உங்கள் படத்தில் இருப்பவர்தான் என்றார்கள். பறந்தோம். அவர் இல்லை. அடுத்தது கூவத்தூர் பஸ் நிறுத்தம். அவரும் இல்லை. உப்பளத்துக் கொட்டகையில் ஒருவர், கோயில் மண்டபத்தில் ஒருவர், மீன் ஏலம் விடும் இடத்தில் ஒருவர். ஒருவருக்கு ஒரு கண் இல்லை. ஒருவர் தெலுங்கு மட்டும் பேசினார். ஒருவர் எங்களைப் பார்த்ததும் அடிக்க வருகிறோம் என்று நினைத்து, முட்டிக்கால் இடற ஓடினார். ஒவ்வொரு தடவையும் தூரத்திலிருந்து பார்த்தால் நைனா மாதிரியே இருக்கும். அந்த முதுகைப் பார்த்து வண்டியிலிருந்து குதித்து ஓடுவேன். கிட்டே போய் முகம் திரும்பும்போது அது வேறு யாரோவாக இருக்கும். நான் பாடுபட்டுப் பிடித்த நைனாவின் நிறம் அந்தக் கரையில் வழிதவறித் திரிந்த கிழவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அவர்களுக்குப் போஸ்டர் அடிக்கத்தான் ஆள் இல்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நைனாவைப் போலவே அவர்களையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

தம்பிக்கு வேலை போகும் நிலைமை வந்துவிட்டது. போதும்கா என்று ஒருநாள் சொன்னான். இன்னும் ஒன்றே ஒன்று என்று சொல்லிச் சொல்லியே அவனை இழுத்துக்கொண்டு திரிந்தேன். நைனா கிடைக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வாயை மூடு என்று அதட்டிக்கொண்டே நான் பசை காய்ச்சினேன்.

மழை தொடங்குகிற சமயத்தில், செய்யூருக்குப் போகும் வழியில் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருத்தி கூப்பிட்டாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. "உங்க நைனாவேதான், போஸ்டரக் காட்டுனேன், ஆமான்னு சொல்லிச்சு" என்றாள். அதுவரை ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை. எங்கள் அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழியெல்லாம் தம்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து, இருக்கும்கா, இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

வலை காயப்போடும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நைனா இல்லை. நெற்றியில் தழும்பு இல்லை, காது வேறு, விரல்கள் வேறு. நிறம் மட்டும் துளி பிசகாமல் அதே நிறம். மடியில் எங்கள் போஸ்டரை நாலாக மடித்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வந்துட்டியாம்மா" என்றார். "எம்மாம் நாளா உக்காந்துகினு கீறேன். வூட்டுக்குப் போலாம்."

தம்பிக்குக் கோபம் வந்தது. அது அவர் மேல் வந்த கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவரே, உங்கள் பேர் என்ன என்று கேட்டான். அவர் போஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். எழுத்து தெரியாதவர் என்பது அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு அவன் பக்கமே திரும்பாமல் என்னிடம் சொன்னார்.

"பேரா? நீயே சொல்லும்மா. நீ சொன்னா ஞாபகம் வந்துரும்."

தம்பி என் தோளைப் பிடித்து வாக்கா போலாம் என்றான். நான் நைனாவின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அவன் அப்புறம் பலமுறை கேட்டிருக்கிறான். அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். கொட்டகையில் விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. கடற்கரைச் சாலையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது, தேடி அலைந்த நாட்களில் அங்கேயும் ஏறி இறங்கியிருந்தோம். ஆட்டோ பிடித்து அவரை அங்கே கொண்டுபோனோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. போஸ்டரைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் மூடிக்கொண்டார்.

இல்லத்து வாசலில் ஒரு சிஸ்டர் வந்து, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பி தரையைப் பார்த்தான். நான் அவருடைய துணிப்பையிலிருந்த மழைத்தண்ணீரை உதறினேன். சிஸ்டர் அவர் பக்கம் திரும்பி, உங்கள் பேர் என்ன தாத்தா என்று கேட்டார். அவர் நிமிர்ந்து நின்றார். கொஞ்சமும் தடுமாறாமல், என் நைனாவின் பெயரைச் சொன்னார்.